டிஸ்ட்ரஸ்ட்ஃபுல்: நம்பாதவரா, நம்ப முடியாதவரா? ஒரு முழுமையான வழிகாட்டி

அகராதியில் டிஸ்ட்ரஸ்ட்ஃபுல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே பெரும்பாலும் ‘நம்பிக்கையற்ற’ என்று போட்டிருக்கும். வாசித்தவுடன் விளங்கிவிட்டது போலத்தான் இருக்கும். வாக்கியம் எழுதத் தொடங்கும்போதுதான் இடிக்கும். ‘அந்தக் கடைக்காரர் நம்பிக்கையற்றவர்’ என்று தமிழில் சொன்னால், அவரை நம்ப முடியாது என்றும் எடுக்கலாம், அவர் ஒருவரையும் நம்பமாட்டார் என்றும் எடுக்கலாம், வாழ்க்கை வெறுத்துப்போன மனுசன் என்றுகூட எடுக்கலாம். ஆங்கிலச் சொல்லுக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் பொருள்: அவர் மற்றவர்களை நம்பாதவர்.

இலங்கையில் சாதாரண தரத்துக்கும் உயர்தரப் பொது ஆங்கிலத்துக்கும் படிக்கிற பிள்ளைகள், திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிகளிலும் படகுகளிலும் வெள்ளைக்காரரோடு கதைத்துப் பிழைக்கிறவர்கள், அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுத வேண்டியவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். படி படியாகப் போவோம். முதல் படி சரியாகிவிட்டால் மற்றதெல்லாம் பாதி வேலைதான்.

முதல் படி: நம்பாமல் நிற்பது யார் என்று கேளுங்கள்

திருகோணமலை மீன் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு அம்மா சூரை மீன் ஒன்றின் செவிளை விரலால் தூக்கிப் பார்க்கிறார். சிவப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது. வயிற்றை அமத்துகிறார், குனிந்து மணக்கிறார். வியாபாரி ‘இண்டைக்கு விடியத்தான் வந்தது அக்கா’ என்கிறார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் அவருடைய முகத்தை ஒரு பார்வை பார்க்கிறார்.

இதில் டிஸ்ட்ரஸ்ட்ஃபுல் யார்? அந்த அம்மா. மீனும் இல்லை, வியாபாரியும் இல்லை. அவர் பார்த்த பார்வையையும் அப்படிச் சொல்லலாம்: ‘எ டிஸ்ட்ரஸ்ட்ஃபுல் லுக்’. ஏனென்றால் பார்வை அவருடையது, அவருடைய மனதில் இருப்பதைத்தான் அது காட்டுகிறது. வியாபாரி உண்மையிலேயே பழைய மீனைத் தள்ளுகிற ஆள் என்றால் அவருக்கு உரிய சொல் வேறு: அன்ட்ரஸ்ட்வேர்தி, அதாவது நம்பத் தகாதவர். மீனைச் சொல்ல வேண்டுமென்றால் டூபியஸ், அதாவது சந்தேகத்துக்கு இடமானது, எனலாம். மீனுக்கு டிஸ்ட்ரஸ்ட்ஃபுல் போட்டால், மீன் உங்களை நம்பாமல் முறைக்கிறது என்று ஆகிவிடும்.

இதை நினைவில் வைக்க நம்மிடமே ஒரு பழமொழி இருக்கிறது: ‘நம்ப நட, நம்பி நடவாதே’. முதல் பாதி, மற்றவர்கள் உன்னை நம்பும்படி நட என்கிறது. அது ட்ரஸ்ட்வேர்தி. இரண்டாவது பாதி, நீ மற்றவர்களை நம்பிக்கொண்டு போகாதே என்கிறது. அதுதான் டிஸ்ட்ரஸ்ட்ஃபுல். ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம். கடன் கொடுக்காத, ஆனால் நிறுவையில் ஒரு கிராம்கூடக் குறைக்காத கடைக்காரரை எல்லா ஊரிலும் காணலாம். அவர் டிஸ்ட்ரஸ்ட்ஃபுல், ஆனால் ட்ரஸ்ட்வேர்தி. பரீட்சையில் இந்த இரண்டையும் மாற்றிப் போடுகிற பிள்ளைகள்தான் அதிகம். அகராதியின் ஒற்றைச் சொல் விளக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பேன்.

விலங்குகளுக்கும் இந்தச் சொல் பொருந்தும். ஃபிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் நிற்கிற புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. ‘த டீயர் ஹியர் ஆர் நாட் டிஸ்ட்ரஸ்ட்ஃபுல் ஆஃப் பீப்பிள்’ என்று தாராளமாக எழுதலாம். காட்டுமான் என்றால் அந்த ‘நாட்’ போய்விடும்.

இரண்டாம் படி: உச்சரிப்பு

அழுத்தம் நடுவில்: டிஸ், ட்ரஸ்ட், ஃபுல். ‘ட்ரஸ்ட்’ மட்டும் உரக்க வரட்டும், கடைசி ‘ஃபுல்’ ஏறக்குறைய ‘ஃபல்’ என்று தேய்ந்து போகட்டும். சில ஆங்கிலச் சொற்களில் பெயராக வரும்போது ஓரிடத்திலும் வினையாக வரும்போது வேறிடத்திலும் அழுத்தம் விழும். டிஸ்ட்ரஸ்ட்டில் அந்தத் தொல்லை இல்லை, பெயரானாலும் வினையானாலும் இரண்டாவது அசையில்தான். நடுவில் வருகிற உயிரொலி ‘பஸ்’ஸில் வருவதேதான்.

தமிழ் ‘ட’வுக்கு நாக்கு நுனி மேலே மடங்கும். ஆங்கில ஒலிக்கு மடங்காது, மேற்பல்லின் பின்னால் உள்ள மேட்டைத் தொடும். தமிழ்நாட்டில் பலர் ‘வெற்றி’யை ‘வெட்ரி’ என்பது போலச் சொல்வார்கள். இலங்கையில் நாம் ‘வெற்றி’, ‘காற்று’ என்று சொல்லும்போது வருகிற ‘ற்ற’ இருக்கிறதே, அது இந்த ஆங்கில ஒலிக்கு மிகவும் கிட்ட நிற்கிறது. நம் பெரியவர்கள் பெற்றோல், சிகரெற் என்றெல்லாம் றகரம் போட்டு எழுதியது சும்மா இல்லை. ‘காற்று’ சொல்லுகிற நாக்கால் ‘ட்ரஸ்ட்’டைச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் காதிலேயே தெரியும்.

மூன்றாம் படி: சொல்லின் குடும்பம்

வேர்ச்சொல் ட்ரஸ்ட். அது வைக்கிங்குகளின் பழைய நோர்ஸ் மொழி வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. முன்னால் ஒட்டியிருக்கும் ‘டிஸ்’ லத்தீன் வழி வந்தது. மிஸ்ட்ரஸ்ட்டில் உள்ள ‘மிஸ்’ ஆங்கிலத்தின் சொந்த முன்னொட்டு. ஆக, டிஸ்ட்ரஸ்ட் லத்தீன் கலந்த ஒரு கலப்புச் சொல். மிஸ்ட்ரஸ்ட் அப்படியில்லை, நோர்ஸும் ஆங்கிலமும் ஒரே ஜெர்மானியக் குடும்பம்தான்.

டிஸ்ட்ரஸ்ட் பெயராகவும் வினையாகவும் வரும். டிஸ்ட்ரஸ்ட்ஃபுல் பெயரடை, டிஸ்ட்ரஸ்ட்ஃபுல்லி வினையடை. டிஸ்ட்ரஸ்ட்ஃபுல்னெஸ் என்றும் ஒன்று உண்டு. ஆனால் டிஸ்ட்ரஸ்ட் என்ற பெயரே அந்த வேலையைச் செய்துவிடும், நீட்டத் தேவையில்லை. ஒப்பிடும்போது முன்னால் ‘மோர்’, ‘மோஸ்ட்’ போட வேண்டும்.

மிஸ்ட்ரஸ்ட்டுக்கும் டிஸ்ட்ரஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்காத ரியூஷன் வகுப்பு இல்லை. பெரும்பாலான இடங்களில் ஒன்றுக்கு மற்றதைப் போடலாம். கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்கிறவர்கள் ஒரு கோடு போடுவார்கள்: ஏற்கெனவே ஏமாந்தோ ஆதாரம் கண்டோ நம்பாமல் விடுவது டிஸ்ட்ரஸ்ட், காரணம் சொல்லத் தெரியாமல் மனம் ஒட்டாமல் இருப்பது மிஸ்ட்ரஸ்ட். எல்லா எழுத்தாளரும் இந்தக் கோட்டை மதிப்பதில்லை. ஐயமிருந்தால் டிஸ்ட்ரஸ்ட்டைப் போடுங்கள், இன்று கூடுதலாகப் புழங்குவது அதுதான்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. மிஸ்அண்டர்ஸ்டாண்ட் என்றால் பிழையாக விளங்கிக்கொள்வது. அதே கணக்கில் மிஸ்ட்ரஸ்ட் என்றால் பிழையான ஆளை நம்பி ஏமாறுவது என்று சிலர் எடுத்துவிடுகிறார்கள். அது சரியில்லை. மிஸ்ட்ரஸ்ட் என்றாலும் நம்பாமைதான். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிற கதைக்கு ஆங்கிலத்தில் ‘மிஸ்ப்ளேஸ்ட் ட்ரஸ்ட்’ என்பார்கள்.

செய்தித்தாளில் ஆன்டிட்ரஸ்ட் சட்டம் என்று வாசித்தால் அதை இந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டாம். அங்கே ட்ரஸ்ட் என்பது பெரிய வணிக நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து சந்தையைப் பிடித்து வைத்திருந்த அமைப்பைக் குறித்தது. அமெரிக்காவில் 1890இல் வந்த ஷெர்மன் சட்டம் அப்படிப்பட்ட கூட்டுகளை உடைக்கத்தான்.

நான்காம் படி: பின்னால் என்ன சொல் வரும்?

தமிழில் ‘அவர் மேல் நம்பிக்கை இல்லை’ என்கிறோம். அந்த ‘மேல்’ ஆங்கிலத்துக்குள் போகும்போது ‘ஆன்’ ஆகிவிடுகிறது. ‘டிஸ்ட்ரஸ்ட்ஃபுல் ஆன் ஹிம்’ என்று எழுதுகிறார்கள். வர வேண்டியது ‘ஆஃப்’: ‘ஷீ இஸ் டிஸ்ட்ரஸ்ட்ஃபுல் ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’, அவள் முன்பின் தெரியாதவர்களை நம்பமாட்டாள். பெயராக வந்தாலும் அதே ‘ஆஃப்’: ‘எ டீப் டிஸ்ட்ரஸ்ட் ஆஃப் பாலிட்டிஷன்ஸ்’, அரசியல்வாதிகள் மீது ஆழமான அவநம்பிக்கை. நேர்ப்பொருளில் ட்ரஸ்ட் பெயராக வந்தால் மட்டும் ‘இன்’ வரும்: ‘ட்ரஸ்ட் இன் ஹிம்’.

வினையாக வரும்போது நடுவில் ஒன்றுமே வேண்டாம். ‘ஐ டிஸ்ட்ரஸ்ட் ஹிம்’, அவ்வளவுதான். ‘ஐ ஆம் டிஸ்ட்ரஸ்டிங் ஹிம்’ என்றும் எழுத வேண்டாம். ‘நம்பாமல் இருக்கிறேன்’ என்பதிலுள்ள ‘இருக்கிறேன்’ நம்மை அந்தப் பக்கம் இழுக்கும். ஆனால் நோ (அறிதல்), பிலீவ் (நம்புதல்) போல இதுவும் மனநிலையைச் சொல்கிற வினை. அதனால் ‘இங்’ வடிவத்தில் பொதுவாக வராது.

‘டிஸ்ட்ரஸ்ட்ஃபுல் தட்’ என்று தொடங்கி ஒரு முழு வாக்கியத்தைப் பின்னால் கட்டுவதும் ஒட்டாது. ‘அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கிறேன்’ என்ற மாதிரி வாக்கியத்துக்கு சஸ்பெக்ட் வேண்டும். அதற்குத்தான் அடுத்த படி.

ஐந்தாம் படி: ‘சந்தேகம்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிரியுங்கள்

இதில் கொஞ்சம் நின்று போவோம், ஏனென்றால் இங்கே சறுக்கினால் இலக்கணப் பிழையோடு நிற்காது, ஆள் மாறியே போய்விடும். நாம் எல்லாவற்றுக்கும் ‘சந்தேகம்’ என்கிறோம். பாடத்தில் விளங்காதது சந்தேகம், மழை வருமா என்பது சந்தேகம், திருடியவன் இவன்தானோ என்பதும் சந்தேகம், மனைவி மேல் கணவனுக்கு வருவதும் சந்தேகம். ஆங்கிலம் இவற்றுக்குத் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது.

உப்புவெளியில் ஒரு விடுதி என்று வைத்துக்கொள்வோம். விருந்தினர் ஒருவருடைய கமரா காணாமல் போய்விட்டது. முகாமையாளருக்கு வாகனச் சாரதி மேல் சந்தேகம். ‘ஐ டவுட் த டிரைவர் டுக் இட்’ என்று விருந்தினரிடம் சொல்கிறார். விருந்தினரோ தலையை ஆட்டிவிட்டு அந்தச் சாரதியோடேயே கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்கப் போகிறார். ஏன்? டவுட் என்றால் ‘அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்’ என்று பொருள். சாரதி எடுத்திருக்கமாட்டார் என்று முகாமையாளரே நற்சான்று கொடுத்துவிட்டார். அவர் சொல்ல நினைத்தது ‘ஐ சஸ்பெக்ட் த டிரைவர் டுக் இட்’. டவுட் ‘இல்லை’ பக்கம் சாயும், சஸ்பெக்ட் ‘ஆம்’ பக்கம் சாயும். டிஸ்ட்ரஸ்ட் இந்த இரண்டு பக்கமும் சாயாது, கமராவைப் பற்றியே அது பேசாது. ‘ஐ டிஸ்ட்ரஸ்ட் த டிரைவர்’ என்றால், அந்த ஆளையே எனக்கு நம்பிக்கை இல்லை, கமரா போனாலும் போகாவிட்டாலும்.

அதாவது டவுட்டும் சஸ்பெக்ட்டும் ஒரு நடப்பைப் பற்றியவை. டிஸ்ட்ரஸ்ட் ஆளைப் பற்றியது, அல்லது நிறுவனத்தை, அதன் உள்நோக்கத்தைப் பற்றியது.

சஸ்பிஷஸ் என்ற சொல்லுக்கு ஒரு விசேஷம் உண்டு. நம் ‘நம்பிக்கையற்ற’ போல அதுவும் இரண்டு பக்கமும் திரும்பும். ‘ஹீ இஸ் சஸ்பிஷஸ்’ என்றால் அவர் சந்தேகப்படுகிறார் என்றும் வரும், அவரைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது என்றும் வரும். முதலாவதுதான் வேண்டுமென்றால் ‘ஆஃப்’ போட்டு யாரை என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது வேண்டுமென்றால் ‘சஸ்பிஷஸ் லுக்கிங்’ என்று சொல்லலாம். டிஸ்ட்ரஸ்ட்ஃபுல் எப்போதும் ஒரே பக்கம்தான் பார்க்கும். ஒரு விதத்தில் அது கையாள லேசான சொல்.

ஆறாம் படி: பக்கத்து வீட்டுச் சொற்கள்

ஸ்கெப்டிக்கல்: சொல்லப்படுகிற விஷயத்தை ஆதாரம் இல்லாமல் ஏற்க மறுப்பது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சூடு வேறு என்று வழிகாட்டி சொல்கிறார். பயணி நெற்றியைச் சுருக்குகிறார். ஒரு கிணற்றில் வாளி விட்டு அள்ளிக் கையில் ஊற்றிப் பார்க்கிறார், அடுத்ததிலும் அள்ளுகிறார், சிரிக்கிறார். அவர் ஸ்கெப்டிக்கலாக இருந்தார், ஆதாரம் கிடைத்ததும் அது போய்விட்டது. வழிகாட்டி தன்னை ஏமாற்றிக் காசு பறிக்கப் பார்க்கிறார் என்று நினைத்திருந்தால்தான் டிஸ்ட்ரஸ்ட்ஃபுல். அது இரண்டு வாளி தண்ணீரில் போகிற விஷயம் இல்லை.

வேரி: ஆபத்து இருக்கலாம் என்று எச்சரிக்கையாக இருப்பது. புறாமலைத் தீவில் கடலில் இறங்குகிறவர் நீரோட்டத்தைப் பார்த்து ‘வேரி ஆஃப் த கரண்ட்ஸ்’ ஆக இருக்க வேண்டும். கடலுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, அதனால் அங்கே டிஸ்ட்ரஸ்ட்ஃபுல் பொருந்தாது. கோணேசர் கோயில் பக்கத்துக் குரங்குகளுக்கும் வேரி போதும், கையில் வாழைப்பழம் இருந்தால் கட்டாயம்.

சினிக்கல் என்றால் எல்லோரும் சுயநலக்காரர்தான் என்று முடிவே கட்டிவிட்டவர். பரனாய்ட் அதற்கும் மேலே, காரணமே இல்லாமல் எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற நிலை. அது மருத்துவச் சொல்லும் கூட என்பதால் யாரையும் பார்த்து விளையாட்டாகச் சொல்லாமல் விடுவது நல்லது.

டிஃபிடன்ட் என்று ஒரு சொல் உண்டு. ஒரு காலத்தில் அதற்கும் மற்றவரை நம்பாத என்ற பொருள் இருந்தது, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அப்படிப் புழங்கியிருக்கிறார்கள். இன்று அது கூச்சப்படுகிற, தன்மேல் தனக்கே நம்பிக்கை இல்லாத ஆளைக் குறிக்கிறது. நம்பாமை வெளியில் இருந்து உள்ளுக்குத் திரும்பிவிட்டது.

பெசிமிஸ்டிக் வேறு கதை. நம் ‘அவநம்பிக்கை’க்குள் இதுவும் இருப்பதால்தான் குழப்பம். நாளைக்கு நல்லது நடக்காது என்பவர் பெசிமிஸ்டிக். அவர் ஆட்களை நம்புகிறாரா இல்லையா என்பதை அந்தச் சொல் சொல்லாது. அதேபோல நாடாளுமன்றத்தில் கொண்டுவருகிற நம்பிக்கையில்லாப் பிரேரணைக்கு ஆங்கிலத்தில் ‘நோ கான்ஃபிடன்ஸ்’ என்றுதான் வரும். மொழிபெயர்ப்புக் கேள்வியில் அங்கே டிஸ்ட்ரஸ்ட் எழுதினால் புள்ளி போய்விடும்.

ஏழாம் படி: எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும்?

தனிச் சொல்லாகப் பாடமாக்குவதை விட ஜோடியாகப் பழகுவது நல்லது. ‘மியூச்சுவல் டிஸ்ட்ரஸ்ட்’ என்றால் இருதரப்பும் ஒருவரை ஒருவர் நம்பாமை. வரலாற்றுக் கட்டுரைக்கு நல்லாக உதவும், நம்முடைய துறைமுகத்துக் கதைக்கு இன்னும் பொருந்தும். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் சஃப்ரன் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி வந்து அவர்களிடமிருந்து பறித்தார். பிறகு ஒல்லாந்தர் கைக்குத் திரும்பி, 1795இல் மறுபடி ஆங்கிலேயருக்குப் போனது. அந்தக் காலத்து அரசுகள் இந்த விரிகுடாவைச் சுற்றி நின்ற நிலையை ‘மியூச்சுவல் டிஸ்ட்ரஸ்ட்’ என்ற இரண்டு சொல்லில் சொல்லிவிடலாம்.

‘சோ டிஸ்ட்ரஸ்ட்’ என்றால் நம்பாமையை விதைப்பது. வதந்தி பரப்புகிறவர்கள் செய்கிற வேலை. ‘க்ரோ டிஸ்ட்ரஸ்ட்ஃபுல்’ என்றால் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை விட்டுப்போவது. ‘ஹெல்தி டிஸ்ட்ரஸ்ட்’ என்பது எனக்குப் பிடித்த ஜோடி, ஏனென்றால் நம்பாமை எப்போதும் கெட்ட குணம் இல்லை என்பதை அது ஒத்துக்கொள்கிறது. ‘உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, வங்கி இரகசிய இலக்கத்தைச் சொல்லுங்கள்’ என்று அழைப்பு வந்தால் வேண்டியது அதுதான். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆசிரியர்கள் இந்த ஒன்றை வைத்தே ஒரு முழுப் பந்தி எழுத வைக்கலாம்.

எட்டாம் படி: வாயால் சொல்லும்போது

டிஸ்ட்ரஸ்ட்ஃபுல் கொஞ்சம் எழுத்து வாடை உள்ள சொல். கட்டுரை, அறிக்கை, கடிதம் எல்லாவற்றிலும் அழகாக உட்காரும். முகத்துக்கு முகம் கதைக்கும்போது ஆங்கிலேயர்கூட ‘ஐ டோன்ட் ட்ரஸ்ட் ஹிம்’ என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ‘டோன்ட் டிஸ்ட்ரஸ்ட் மீ’ என்று முச்சக்கர வண்டிக்காரர் சொன்னால் பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் காதுக்கு ஒரு மாதிரி இருக்கும். ‘யூ கேன் ட்ரஸ்ட் மீ’ இயல்பு. என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம். நம்பு நம்பு என்று சொல்லச் சொல்ல எதிரில் நிற்பவருக்குச் சந்தேகம் கூடும். ‘மீட்டரைப் போட்டுவிட்டேன், பாருங்கள்’ என்று காட்டிவிட்டுப் பேசாமல் ஓட்டுவது மேல்.

ஒருவரைப் பார்த்து ‘யூ ஆர் டிஸ்ட்ரஸ்ட்ஃபுல்’ என்று சொல்வது அவருடைய குணத்தையே குறை சொல்வது போல. உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்றாலும் ‘ஐ டிஸ்ட்ரஸ்ட் யூ’ என்று முகத்தில் அடிக்காமல், ‘ஐட் லைக் டு செக் ஃபர்ஸ்ட்’, முதலில் ஒருக்கால் சரிபார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். படகுக்கு முற்பணம் கேட்கிறவரிடமும் வீட்டு வாடகை பேசுகிறவரிடமும் இந்த ஒரு வரி போதும்.

ஒன்பதாம் படி: செய்து பாருங்கள்

மேலே சொன்ன எல்லாம் ஒரே இடத்தில் வருகிற ஒரு பயிற்சி. நிலாவெளி விடுதி ஒன்றுக்கு விருந்தினர் இப்படி எழுதிவிட்டுப் போகிறார் என்று வையுங்கள்: ‘வி வேர் எ லிட்டில் டிஸ்ட்ரஸ்ட்ஃபுல் அட் ஃபர்ஸ்ட், பிகாஸ் தேர் வாஸ் நோ பிரைஸ் லிஸ்ட்’. விலைப்பட்டியல் இல்லாததால் முதலில் எங்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரவில்லை என்கிறார். அவசரத்தில் வாசிக்கிற உரிமையாளர், தன்னை நம்பத் தகாதவர் என்று திட்டிவிட்டதாக எடுத்துக் கோபப்படலாம். முதல் படியை நினைத்துப் பாருங்கள். விருந்தினர் தன்னுடைய மனநிலையைத்தான் சொல்கிறார், அதுவும் ‘எ லிட்டில்’, ‘அட் ஃபர்ஸ்ட்’ என்று இரண்டு தரம் மெதுவாக்கி.

பதிலில் ‘வை ஆர் யூ டிஸ்ட்ரஸ்டிங் ஆன் அஸ்’ என்று எழுதினால் நான்காம் படியின் இரண்டு பிழையும் ஒன்றாக வந்துவிடும், எட்டாம் படியின் மரியாதைக் குறைவும் சேர்ந்துவிடும். அவர் தன்னைப் பற்றிச் சொன்ன சொல்லை நாம் திருப்பி அவர் மேல் வைக்கக் கூடாது, அதைவிட மென்மையான கோஷஸ் (எச்சரிக்கையான) போதும். இப்படி எழுதலாம்: ‘வி அண்டர்ஸ்டாண்ட் வை யூ வேர் கோஷஸ். த பிரைஸ் லிஸ்ட் இஸ் நவ் ஆன் த வோல், நெக்ஸ்ட் டு த கவுண்டர்’. நீங்கள் ஏன் யோசித்தீர்கள் என்று விளங்குகிறது, விலைப்பட்டியல் இப்போது கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. அனுப்புவதற்கு முதல் பட்டியலை உண்மையிலேயே ஒட்டிவிடுங்கள்.